ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் தளர்ந்த ஓட்டம்: பதினாறு வயது வீராங்கனை ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழகத்தின் தென்மாவட்டம் ஒன்றில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே 1500 மீட்டர், 3000 மீட்டர் ஓட்டங்களில் பங்கேற்றுவந்த பதினாறு வயது மாணவி ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. பெற்றோரின் ஒப்புதலுடன் எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாதிருக்க ஊர், பள்ளி சார்ந்த விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. உணவு தொடர்பான பரிந்துரைகள் என்னுடையவை. மருந்து தொடர்பான முடிவுகள் அனைத்தையும் என்னுடன் பணியாற்றும் விளையாட்டு மருத்துவரே எடுத்தார்.

அந்த மாணவியின் 1500 மீட்டர் சிறந்த நேரம் 4 நிமிடம் 48 வினாடி. அடுத்த பருவத்தில் பயிற்சி கூடியிருந்தும் நேரம் மேம்படவில்லை. மாறாக ஒவ்வொரு போட்டியிலும் சில வினாடிகள் கூடிக்கொண்டே போய், மண்டலப் போட்டியில் 5 நிமிடம் 3 வினாடியில் வந்து நின்றது. பயிற்சியாளர் கொடுத்தனுப்பிய குறிப்பில், ஆர்வம் குறைந்துவிட்டது, கடைசிச் சுற்றில் விட்டுக்கொடுத்துவிடுகிறார், மனத்திடம் வளர ஆலோசனை தேவை என்று எழுதியிருந்தது. மாணவி சொன்னது வேறாக இருந்தது: "ஓடணும்னு ஆசையாத்தான் இருக்கு மேடம். மூணாவது ரவுண்டு வந்தா கால் எழும்பவே மாட்டேங்குது. ராத்திரி தூங்கி எந்திரிச்சாலும் அசதி போகல."

விடுதியில் நடந்த மருத்துவ முகாமில் எடுத்த ஹீமோகுளோபின் அளவு அவர் கையில் இருந்தது: டெசிலிட்டருக்கு 12.3 கிராம். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால்தான் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆகவே முகாமில் "ரத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் 12.3 என்ற எண்ணைப் பார்த்ததும் முகாமில் இருப்பவர்களுக்கு நிம்மதி வருவது இயல்பே. ஆனால் இரத்தசோகை இல்லை என்பதும், நெடுந்தூர ஓட்டத்துக்குத் தேவையான இரும்புச் சத்து உடலில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

எங்களுக்கு முதல் தடயம் கிடைத்தது பரிசோதனைக் கூடத்தில் அல்ல, விடுதியின் காப்பாளர் அம்மா போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையில்தான். மாணவியின் பள்ளிப் பையில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி இருக்கும். படிக்கும்போதும் வகுப்பு இடைவேளையிலும் அதை மென்றுகொண்டே இருப்பார். "கல்யாணத்துல மழை கொட்டப் போகுது பாரு" என்று தோழிகள் கேலி செய்வார்கள். அரிசி தின்றால் திருமணத்தன்று மழை பெய்யும் என்ற பேச்சு நம் ஊர்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. அரிசி, சாம்பல், மண், பல்பம், பனிக்கட்டி போன்றவற்றை அடக்கமுடியாமல் தின்னத் தோன்றுவது இரும்புச் சத்துக் குறைபாட்டோடு நெருங்கிய தொடர்புள்ள அறிகுறி என்பது மருத்துவத்தில் நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. இந்த ஒரு விவரத்துக்காகவே, வீராங்கனைகளிடம் பேசும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், உணவல்லாத எதையாவது மெல்லத் தோன்றுகிறதா என்றும் கேட்க வேண்டும் என்பேன்.

பரிசோதனை முடிவுகள்

கடும் பயிற்சி இல்லாத ஓய்வு நாளுக்கு அடுத்த காலை, சளி, காய்ச்சல் எதுவும் இல்லாதபோது இரத்தம் எடுக்கச் செய்தோம். உடலில் அழற்சி இருந்தாலோ முந்தைய நாள் கடுமையாக ஓடியிருந்தாலோ, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதே காரணம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இயல்பாக இருந்தது. ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 12 விழுக்காடு. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 79, அதாவது இயல்பின் கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே. அணுக்களின் அளவு வேறுபாடு கூடியிருந்தது. வைட்டமின் பி12 போதிய அளவில் இருந்தது. வைட்டமின் டி 14 நானோகிராம். 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்வது வழக்கம். தைராய்டு இயல்பு. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டையோ மறைந்த இரத்தமோ இல்லை. சிறு வயதில் வெறுங்காலோடு வயலிலும் திடலிலும் திரிந்த பிள்ளைகளிடம் கொக்கிப்புழுவைத் தேடாமல் உணவை மட்டும் குறை சொல்வது சரியாகாது.

ஹீமோகுளோபின் என்பது அன்றாடம் புழங்கும் அரிசிப் பானை என்றால், ஃபெரிட்டின் என்பது குதிரில் உள்ள நெல். குதிர் காலியாகும்வரை பானை நிறைந்தே தெரியும். இந்த மாணவிக்குக் குதிர் ஏறக்குறையத் துடைத்துவைத்த நிலையில் இருந்தது. ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்தது என்று பொதுவாகக் கொள்வார்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களைக் கவனிக்கும் மருத்துவர்கள் பலர் 30 முதல் 35 வரையிலேயே எச்சரிக்கையாகிவிடுகிறார்கள்.

ஹீமோகுளோபின் குறையாதபோது ஓட்டம் ஏன் தளர வேண்டும் என்ற கேள்வியைப் பயிற்சியாளர் கேட்டார், நியாயமான கேள்வி. ஆக்சிஜனைச் சுமப்பதோடு இரும்பின் வேலை முடிவதில்லை. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினிலும், உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றலை உருவாக்கும் சைட்டோகுரோம் புரதங்களிலும் இரும்பு இருக்கிறது. இருப்பு வற்றும்போது உடல் சிவப்பணு உற்பத்திக்கே முன்னுரிமை தருவதால், மற்ற இடங்களில் தட்டுப்பாடு முன்னதாகவே தொடங்கிவிடும். இரத்தசோகை இல்லாமல் இரும்பு இருப்பு மட்டும் குறைந்த பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பயிற்சி அளித்தபோது, மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களின் தாங்குதிறன் கூடுதலாக வளர்ந்ததை அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. இந்த மாணவிக்குத் தேவைப்பட்டது மனத்திட ஆலோசனை அல்ல என்று பயிற்சியாளரிடம் அன்றே சொன்னோம். அவர் அதைத் திறந்த மனத்தோடு ஏற்றுக்கொண்டது இந்தச் சிகிச்சையின் பாதி வெற்றி என்று நினைக்கிறேன்.

தட்டில் இருந்ததும் உடலில் சேர்ந்ததும்

விடுதி உணவு மோசமானதல்ல. காலையில் இட்லி, பொங்கல், உப்புமா என்று மாறி மாறி வரும். மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், முட்டை. மாலையில் சுண்டலும் தேநீரும். இரவு தோசை அல்லது சப்பாத்தி, குருமா, ஒரு குவளை பால். புதன், ஞாயிறு இரு நாளும் கோழிக்கறி. பட்டியலை மட்டும் பார்த்தால் சரிவிகித உணவு என்றே யாரும் சொல்வார்கள். ஆகவே இரண்டு நாள் விடுதியிலேயே இருந்து, மாணவி என்ன எடுத்துக்கொள்கிறார், எதை ஒதுக்குகிறார், எதோடு எதைச் சேர்த்துச் சாப்பிடுகிறார் என்று கவனித்தேன்.

அதிகாலை 5.15க்குத் திடலோரத்தில் பெரிய எவர்சில்வர் கேனில் தேநீர் வரும். ஒரு குவளையும் இரண்டு பிஸ்கட்டும். பயிற்சி 8 மணிக்கு முடியும். விடுதிக்கு வந்து குளித்து, 8.30க்குச் சிற்றுண்டி, கூடவே இரண்டாவது தேநீர். பள்ளி மணி அடிக்கும் அவசரத்தில் இட்லியைத் தேநீரில் இறக்குவது போலத்தான் சாப்பிட்டார்கள். மாலையில் சுண்டலும் தேநீரும் ஒரே கையில். ஆக, காலையிலும் மாலையிலும் இரும்புச் சத்துள்ள உணவு வயிற்றுக்குப் போனபோதெல்லாம் தேநீரும் கூடவே போனது. தேநீரில் உள்ள டானின் வகைப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்போடு பிணைந்து, குடல் அதை ஏற்பதைப் பாதிக்கும் மேலாகக் குறைத்துவிடக் கூடியவை. கோழிக்கறியிலும் அவருக்கு வாய்த்தது குறைவு. புதன்கிழமை வீட்டு வழக்கப்படி விரதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் இரண்டு துண்டு. இதற்கு மேல், மெலிந்தால் வேகம் கூடும் என்று மூத்த மாணவி ஒருவர் சொன்னதைக் கேட்டு, மூன்று மாதமாக இரவில் ஒரே தோசையோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு உணவில் கிடைத்த இரும்பு சுமார் 13 மில்லிகிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் 16 முதல் 18 வயதுப் பெண்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது 32 மில்லிகிராம். நம் உணவில் உறிஞ்சல் குறைவு என்பதைக் கருத்தில் கொண்டே அந்த எண் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. கிடைத்த 13இல் நூற்றுக்கு ஐந்து உடலில் சேர்ந்தது என்று வைத்தாலும் 0.65 மில்லிகிராம்தான். செலவோ வேறு. குடல், தோல் வழியாக எல்லோருக்கும் போகும் அன்றாட இழப்பே ஒரு மில்லிகிராமை நெருங்கும். மாதவிடாய் பற்றிக் கேட்டபோது, முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது என்றார். இதுவரை யாரும் கேட்டதில்லை, ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூச்சம் என்றும் சொன்னார். ஒரு சுழற்சிக்கு 70 மில்லிலிட்டர் இரத்தம் போகிறது என்று கொண்டால், மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம் வீதம் 28 மில்லிகிராம். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மில்லிகிராம். வியர்வையில் போவதும், நெடுந்தூரம் ஓடும்போது பாதம் தரையில் மோதி உடையும் சிவப்பணுக்களும், குடலில் நுண்ணிய அளவில் நடக்கும் கசிவும் தனி. வளரும் வயதின் தேவையும் இருக்கிறது. வரவு அரை மில்லிகிராமைச் சற்றுத் தாண்ட, செலவு இரண்டை எட்டினால், இருப்பு எத்தனை மாதம் தாங்கும்?

மொத்த ஆற்றல் உணவையும் கணக்கிட்டோம். 46 கிலோ எடை. கொழுப்பு நீங்கிய எடை சுமார் 38 கிலோ. உணவில் கிடைத்தது ஏறத்தாழ 1750 கிலோகலோரி, பயிற்சியில் செலவானது 550. மீதியைக் கொழுப்பு நீங்கிய எடையால் வகுத்தால் கிலோவுக்கு 31 முதல் 32 வரை வருகிறது. 45 இருப்பது நல்லது. 30க்குக் கீழே போனால் மாதவிடாய், எலும்பு, நோய் எதிர்ப்பு என்று பலவும் பாதிக்கப்படும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இந்த ஆற்றல் பற்றாக்குறையைத் தனி நோய்க்குறித் தொகுதியாகவே எச்சரித்து வருகிறது. இரும்பை மட்டும் பிரித்தெடுத்துப் பேச முடியாது என்பதற்கு இதுவே காரணம். போதிய அளவு சாப்பிடாதவருக்கு நுண்ணூட்டச்சத்துகள் அனைத்துமே சேர்ந்து குறையும். ஒற்றை மாத்திரை அந்தக் குழியை நிரப்பாது.

இங்கே ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சொல்லியாக வேண்டும். கல்லீரலில் சுரக்கும் இது, குடல் எவ்வளவு இரும்பை உள்ளே விட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் இதன் அளவு உயர்ந்து வாயிலை அடைத்துவிடுகிறது. 8 மணிக்குப் பயிற்சி முடித்த மாணவிக்கு 11 முதல் 2 மணி வரை, அதாவது முட்டையும் சாம்பாரும் பொரியலும் உண்ணும் மதிய வேளையில், இரும்பு ஏறுவது மட்டுப்படும். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் உண்ணும் காலை உணவே நல்ல வாய்ப்பு. அந்த நல்ல வேளையைத்தான் வெள்ளை இட்லியும் தேநீரும் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இருப்பு மிகவும் குறைந்தவர்களிடம் ஹெப்சிடின் ஏற்றம் தணிந்தே இருக்கும். எனவே இந்த மாணவிக்குத் தொடக்கத்தில் நேரத்தைவிடத் தேநீரும், உணவின் அளவும்தான் பெரிய தடைகள் என்பது என் கணிப்பு. இருப்பு நிரம்ப நிரம்ப, நேரம் முக்கியத்துவம் பெறும்.

வைட்டமின் டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெயில் மிகுந்த மாவட்டம்தான். ஆனால் பயிற்சி விடியலிலும் அந்தியிலும், நடுப்பகல் வகுப்பறையில். நிழல் நம் உயரத்தைவிட நீண்டிருக்கும் நேரத்து வெயிலில் தோல் இந்த வைட்டமினைப் பெரிதாக உருவாக்குவதில்லை.

செய்த மாற்றங்கள்

மாணவியின் பெட்டியில் மருந்துக்கடையில் வாங்கிய பல்சத்து மாத்திரைகளும், 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரைகளும் இருந்தன. வீட்டில் சிரமப்பட்டு அனுப்பிய பணத்தில் வாங்கியவை. இரண்டையும் நிறுத்தச் சொன்னோம். நாள்தோறும் அதிக அளவில் வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் எடுப்பது, பயிற்சியால் உடல் பெற வேண்டிய தகவமைப்பையே மழுங்கச் செய்யலாம் என்பதை ஜெர்மனியில் 2009இல் வெளியான ஆய்வும், பின்னர் நார்வேயில் நடந்த ஆய்வும் சுட்டியுள்ளன. உணவில் கிடைக்கும் வைட்டமின் சி பற்றி இந்த அச்சம் வேண்டாம். ஒரு கொய்யாவிலோ இரண்டு பெரிய நெல்லிக்காயிலோ தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் அதிகம். தேசிய அளவில் போட்டியிடப் போகிறவர்கள் பெயர் தெரியாத சத்து மாவு டப்பாக்களைத் தொடாமல் இருப்பது இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம்: தடைசெய்யப்பட்ட பொருள் அதில் கலந்திருந்து சிறுநீரில் அகப்பட்டால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை தராது.

மருத்துவர் 60 மில்லிகிராம் இரும்பு தரும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பயிற்சி முடிந்த கையோடு, எலுமிச்சைச் சாற்றுடன் எடுக்கச் சொன்னார். அன்றாடம் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு எடுத்தால், எடுத்த அளவில் கூடுதல் பங்கு உடலில் சேர்கிறது என்பது சுவிட்சர்லாந்தில் இரும்பு குறைந்த பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் குறைவதால் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவோரும் குறைவர். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைத்தோம். வைட்டமின் டி வாரம் ஒரு முறை 60,000 அலகு, எட்டு வாரம். அதிக இரத்தப்போக்குக்காக மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம்.

உணவு மாற்றத்தைச் சமையலறையோடு பேசித்தான் செய்ய முடிந்தது. "டீ இல்லேன்னா பிள்ளைங்க டிபனுக்கு உக்காராதுங்க மேடம்" என்றார் சமையல்கார அக்கா. அவர் சொன்னதில் உண்மை இருந்தது; ஆகவே தேநீரை ஒழிக்கவில்லை, இடம் மாற்றினோம். அதிகாலைத் தேநீர் அப்படியே இருந்தது. அதற்கும் காலை உணவுக்கும் மூன்று மணி நேர இடைவெளி உண்டு. 8.30 மணித் தேநீருக்குப் பதில் கொய்யா அல்லது நெல்லிச்சாறு. மாலைத் தேநீர் 4 மணிக்கு. சுண்டல் பயிற்சிக்குப் பின், எலுமிச்சை பிழிந்து. முளைகட்டிய பச்சைப்பயறும் அவித்த முட்டையும் காலைக்கு வந்தன. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் தானியத்திலும் பயறிலும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருளைக் குறைத்து இரும்பை விடுவிக்கும். நம் வீடுகளில் கேழ்வரகுக் கூழைப் புளிக்கவைத்துக் குடித்த வழக்கம் எவ்வளவு அறிவார்ந்தது என்பதை நான் இந்த வேலையில் திரும்பத் திரும்ப உணர்கிறேன். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் இருக்கிறது. அந்தக் கூழ் வாரம் மூன்று நாள் தரப்பட்டது. பால் இரவு வேளையிலேயே தொடர்ந்தது, ஏனெனில் கால்சியம் இரும்போடு போட்டியிடும்.

முருங்கைக் கீரை வாரம் மூன்று முறை சேர்த்தோம். ஆனால் அதன் மீது மட்டும் நம்பிக்கை வைக்கச் சொல்லவில்லை. 100 கிராம் கீரையில் நான்கைந்து மில்லிகிராம் இரும்புதான், அதிலும் சிறு பங்கே சேரும். அசைவம் உண்ணும் பிள்ளைக்கு மிகக் குறைந்த செலவில் இரும்பு கிடைக்கும் இடம் ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்), ஆட்டு இரத்தப் பொரியல். அவற்றிலுள்ள இரும்பில் ஒரு பகுதி எளிதாக உறிஞ்சப்படும் வகை. தேநீரும் ஃபைட்டேட்டும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. மாணவியின் பாட்டி, "வயசுக்கு வந்த புள்ளைக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுங்கன்னு நான் எப்பவோ சொன்னேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து அது வரத் தொடங்கியது. புதன் விரதத்தை மாற்றும்படி நாங்கள் சொல்லவில்லை. அன்று பயறு இரட்டிப்பாயிற்று. இரவுத் தோசை மூன்றாயிற்று. மெலிந்தால் வேகம் வரும் என்ற பேச்சை விடுதி முழுவதையும் உட்காரவைத்துத் தனியாகப் பேசித் திருத்த வேண்டியிருந்தது. இந்தப் பணியில் மிகவும் கடினமான பகுதி அதுதான்.

பன்னிரண்டு வாரமும் அதன் பின்னும்

மூன்றாவது வாரத்திலேயே பையில் அரிசி இல்லை. யாரும் தடுக்கவில்லை, தோன்றவில்லை என்றார். இரும்புச் சத்து ஏறத் தொடங்கியதும், இருப்பு நிரம்பும் முன்பே, இந்த ஆசை அடங்கிவிடுவது பலரிடம் காணப்படுவதுதான். பன்னிரண்டாவது வாரப் பரிசோதனையில் ஃபெரிட்டின் 31, ஹீமோகுளோபின் 13.2, வைட்டமின் டி 29. 12.3 என்பது இந்த உடலுக்கு இயல்பான அளவே அல்ல என்பது அப்போது தெளிவாயிற்று. நான்காவது மாதத்தில் 1500 மீட்டரை 4 நிமிடம் 50 வினாடியில் ஓடினார். பருவ இறுதியில் 4 நிமிடம் 45 வினாடி.

இந்த முன்னேற்றம் முழுவதையும் இரும்பின் கணக்கில் எழுதுவது சரியல்ல. பயிற்சியாளர் முதல் மூன்று வாரம் ஓட்டத் தூரத்தைக் குறைத்திருந்தார். உணவின் மொத்த அளவு கூடியது. மாதவிடாய்க்கு மருத்துவம் நடந்தது. சோம்பேறி என்ற பெயர் நீங்கியதும் மாணவி முகத்தில் வந்த தெளிவையும் நான் பார்த்தேன். எது எவ்வளவு பங்காற்றியது என்று ஒரே ஒருவரின் நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. அரிசி மெல்லும் பழக்கம் நின்றதும், ஃபெரிட்டினும் ஹீமோகுளோபினும் சேர்ந்து உயர்ந்ததும் இரும்பை நோக்கி வலுவாகக் கைகாட்டுகின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாதம் ஃபெரிட்டின் 38 ஆனதும் மாத்திரை நிறுத்தப்பட்டது. எனக்கு முக்கியமாகப்பட்டது அதற்கு அடுத்த மூன்று மாதம்தான். மாத்திரையால் ஏற்றிய அளவை உணவு தாங்கிப்பிடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். அந்த மூன்று மாத முடிவில் எடுத்த பரிசோதனையில் 35 இருந்தது. இதற்கிடையில் விடுதியின் மற்ற நெடுந்தூர ஓட்டக்காரிகளுக்கும் ஃபெரிட்டின் பார்த்ததில், இரத்தசோகை இல்லாத மேலும் மூவருக்கு 20க்குக் கீழே இருந்தது. அவர்களில் ஒருவர் முழு சைவம். பி12 அளவும் குறைவு. அவருக்குத் தனித் திட்டம் நடந்துவருகிறது. ஆண்டுக்கு இரு முறை, பருவத் தொடக்கத்திலும் கடும் பயிற்சிக் காலத்தின் நடுவிலும், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பது என்று பயிற்சியாளரும் மருத்துவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கான செலவை உள்ளூர்ப் புரவலர் ஒருவர் ஓராண்டுக்கு ஏற்றிருக்கிறார். அதற்கடுத்த ஆண்டுக்கு விடுதியின் உணவுச் செலவுத் திட்டத்திலேயே இதைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.